நாற்காலி போடுமுன்

சென்னையில் முப்பது பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனம் தன் அலுவலகத்தைப் புதுப்பிக்க என்னை அழைத்திருந்தது. உரிமையாளர் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, வரவேற்பறைக்குக் கறுப்பு கிரானைட் நன்றாக இருக்குமா, பழுப்பு நன்றாக இருக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சுற்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று நான் எழுந்து உள்ளே போனேன்.

கணக்குப் பிரிவில் ஒரு பெண்ணின் கணினித் திரையின் மேல் மூலையில் சின்னக் கண்ணாடி ஒன்றை செலோடேப்பால் ஒட்டியிருந்தார்கள். பவுடர் டப்பா மூடியிலிருந்து கழற்றிய வட்டக் கண்ணாடி. எதற்கு என்று கேட்டேன். "பின்னாடி யார் வந்து நிக்கறாங்கன்னு தெரியணும்ல சார்" என்றார். அவர் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். அந்த இடத்தில் அப்படித்தான் உட்கார முடியும். பக்கத்தில், சுவரில் மாட்டிய ஏசிக்குக் கீழே, போன வருடத் தினசரி காலண்டரின் அட்டை முருகன் படத்தோடு சணல் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. காற்று நேராகத் தலையில் இறங்காமல் தடுக்க அந்த ஏற்பாடு. ஜன்னலோர மேசையில் இருந்தவர், திரையில் விழும் வெயிலுக்கு ஒரு ஃபைல் அட்டையைத் தடுப்பாக நிறுத்தியிருந்தார். கால் தரையில் எட்டாத ஒரு பெண் இரண்டு பழைய லெட்ஜர்களைக் கட்டிக் காலுக்கடியில் போட்டிருந்தார்.

அந்த அலுவலகத்தில் என்ன கோளாறு என்பதை அங்கே வேலை செய்கிறவர்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள். காகிதத்தில் எழுதவில்லை, அட்டையிலும் கயிற்றிலும் எழுதியிருந்தார்கள். இந்த அத்தியாயத்தின் முதல் பாடம் அதுதான். புது அலுவலகம் போடப் போகிறவர்களும், இருப்பதை மாற்றப் போகிறவர்களும், கான்ட்ராக்டரைக் கூப்பிடுமுன் இந்த ஒட்டுவேலைகளைப் படியுங்கள். பிற்பகல் 3 மணிக்கு மேல் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நடந்து பாருங்கள். காலையில் எல்லா இடமும் நன்றாகவே தெரியும். மேற்கு வெயில் இறங்கி, உண்ட களைப்பும் சேர்ந்து, அறைக் காற்று கனத்துப் போன அந்த நேரத்தில்தான் கட்டடம் தன் குணத்தைக் காட்டும். யார் துப்பட்டாவை இழுத்துப் போர்த்தியிருக்கிறார், யார் பாட்டே ஓடாத ஹெட்போனைக் காதில் மாட்டியிருக்கிறார், யார் அடிக்கடி எழுந்து மாடிப்படிக்குப் போய் போன் பேசுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்போது யாரையும் கண்டிக்காதீர்கள். அட்டையை எடுக்கச் சொல்லாதீர்கள்.

கையில் ஒரு பொத்தான்

அலுவலக அமைப்பைப் பற்றிப் பேசும்போது சுவரின் நிறம், செடி, வண்ண சோஃபா என்றுதான் பேச்சு தொடங்குகிறது. இவை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மனிதரைக் களைப்படையச் செய்வது வேறு ஒன்று. தான் எட்டு மணி நேரம் இருக்கும் இடத்தின்மேல் தனக்கு எந்தப் பிடியும் இல்லை என்ற உணர்வுதான் அது.

1970-களின் தொடக்கத்தில் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். எப்போது வரும் என்று தெரியாத பெரும் இரைச்சலுக்கு நடுவே ஆட்களை வேலை செய்ய வைத்தார்கள். ஒரு பிரிவினரிடம் மட்டும் ஒரு பொத்தானைக் காட்டி, தாங்க முடியாவிட்டால் இதை அழுத்தி இரைச்சலை நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் முடிந்தவரை அழுத்தாமல் இருங்கள் என்றார்கள். பெரும்பாலானோர் அழுத்தவே இல்லை. இரு பிரிவினரும் கேட்டது அதே இரைச்சல்தான். இரைச்சல் ஓய்ந்த பிறகு பிழை திருத்தும் வேலையும் கடினமான புதிர்களும் கொடுத்தபோது, பொத்தான் இருந்தவர்கள் குறைவான தவறு செய்தார்கள், புதிரோடு நெடுநேரம் போராடினார்கள். பொத்தான் இல்லாதவர்கள் சீக்கிரம் கைவிட்டார்கள்.

இதை அலுவலகத்துக்கே பொருத்திப் பார்த்தவர்கள் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெய்க் நைட், அலெக்ஸ் ஹாஸ்லம். 2010-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில் நான்கு வகை அறைகள். முதலாவது, மேசை நாற்காலி தவிர ஒன்றுமில்லாத அறை. இரண்டாவதில் செடிகளும் படங்களும் வைத்திருந்தார்கள். மூன்றாவதில் அதே செடிகளையும் படங்களையும் கொடுத்து, வேண்டியபடி வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள் என்றார்கள். வெறும் அறையைவிட அலங்கரித்த அறையில் வேலை 17% கூடியது. தானே அமைத்துக்கொண்ட அறையில் 32% கூடியது. நான்காவது அறையைத்தான் ஒவ்வொரு முதலாளியும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே ஊழியரை முதலில் தன் விருப்பப்படி அமைக்க விட்டார்கள். பிறகு ஆய்வாளர் உள்ளே வந்து, அவர் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் மாற்றி வைத்தார். செடி இருந்தது, படம் இருந்தது, ஆனால் கூடிய பலன் மறைந்துவிட்டது.

கேட்பதுபோலக் கேட்டுவிட்டு நம் இஷ்டத்துக்குச் செய்தால், கேட்காமல் விட்டதைவிட மேலாக ஒன்றும் கிடைக்காது. மேசையில் வைத்த சாமி படத்தையும் மகளின் புகைப்படத்தையும் 'ஒரே மாதிரி இருக்கட்டும்' என்று எடுக்கச் சொல்லும் நிர்வாகங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது அழகு பற்றிய முடிவு என்று அவர்கள் நினைக்கிறார்கள். அங்கே உட்காருகிறவருக்கு அது வேறொரு செய்தியைச் சொல்கிறது.

இன்று நாம் கியூபிக்கிள் என்று சொல்லும் தடுப்புப் பெட்டிக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. ஹெர்மன் மில்லர் நிறுவனத்தில் ராபர்ட் புரோப்ஸ்ட் 1964-ல் 'ஆக்‌ஷன் ஆஃபீஸ்' என்ற அமைப்பைக் கொண்டுவந்தார். 1968-ல் அதைத் திருத்தி, எளிதில் கழற்றி மாட்டக்கூடிய தடுப்புகளாக்கினார். வேலைக்குத் தக்கபடி உயரத்தையும் கோணத்தையும் ஊழியரே மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். வாங்கிய நிறுவனங்கள் அந்தத் தடுப்புகளை எவ்வளவு சின்னப் பெட்டியாக அடுக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக அடுக்கின. கடைசிக் காலத்தில் புரோப்ஸ்ட் அதைப் பார்த்து வருந்தினார். பொருள் அவர் செய்ததுதான். மாற்றிக்கொள்ளும் உரிமை மட்டும் வழியில் எங்கோ கழன்றுவிட்டது.

காற்று

நம் ஊர் அலுவலகங்களில் மிகப் பெரிய குறை காற்று. அது கண்ணுக்குத் தெரியாததால் யாரும் அதற்குச் செலவு செய்வதில்லை.

ஒன்றை நன்றாக மனதில் போட்டுக்கொள்ளுங்கள். சுவரில் மாட்டும் சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அறையில் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்ப உறிஞ்சிக் குளிர்வித்து விடுகிறது. வெளியே மாட்டியிருக்கும் பெட்டி வெப்பத்தைத் தள்ளுகிறதே தவிர காற்றை மாற்றுவதில்லை. ஜன்னலை மூடி, கதவிடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டி, பதினைந்து பேரை உட்கார வைத்தால், பதினைந்து பேரும் ஒருவர் விட்ட மூச்சை ஒருவர் இழுத்துக்கொண்டிருப்பார்கள். மதியம் வரும் அந்தத் தூக்கத்துக்குச் சாம்பார் சாதம் மட்டும் காரணமல்ல.

வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு இன்று பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு இருக்கிறது. மூடிய ஏசி அறையில் அது 1,000-ஐத் தாண்டுவது சாதாரணம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜோசப் ஆலன் குழு 2015-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் 24 பேர் ஆறு நாள் ஒரே அலுவலகத்தில் வேலை செய்தார்கள். அன்றன்று காற்று எப்படி மாற்றப்பட்டது என்பதை அவர்களிடம் சொல்லவில்லை. மாலையில் முடிவெடுக்கும் திறனைச் சோதித்தார்கள். நல்ல காற்றோட்டம் இருந்த நாட்களோடு ஒப்பிட்டால், 945 பங்கு இருந்த நாளில் மதிப்பெண் 15% குறைவு, 1,400 இருந்த நாளில் 50% குறைவு. பிறகு வந்த சில ஆய்வுகளில் இவ்வளவு பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அடைத்த அறையில் மூளை மந்தமாகிறது என்பதை அனுபவத்தில் அறியாதவர் யாரும் இல்லை.

செய்ய வேண்டியது அதிகமில்லை. கார்பன் டை ஆக்சைடு அளக்கும் சிறு மீட்டர் ஒன்றை வாங்கி, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வையுங்கள். எண் 1,000-ஐத் தாண்டினால் யார் வேண்டுமானாலும் ஜன்னலைத் திறக்கலாம், அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று சொல்லிவிடுங்கள். காலை 11 மணி, மாலை 4 மணி டீ நேரத்தில் எதிரெதிர் ஜன்னல்களைப் பத்து நிமிடம் திறந்து வைத்தாலே அந்த எண் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். ஜன்னல் இல்லாத அறை என்றால், காற்றை வெளியேற்ற ஒரு எக்ஸாஸ்ட் விசிறியும், எதிர்ப்பக்கம் காற்று உள்ளே வர ஒரு வழியும் வேண்டும். விசிறி மட்டும் வைத்து வழியை அடைத்துவிட்டால் பயனில்லை. சாலைப் புழுதியும் வண்டிப் புகையும் உள்ள இடத்தில் தெருப்பக்க ஜன்னலை விட்டுப் பின்பக்க ஜன்னலைத் திறங்கள்.

இங்கே செடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அறைக்கு நாலு தொட்டி வைத்தால் காற்று சுத்தமாகிவிடும் என்று நர்சரிக்காரர்கள் சொல்வார்கள். இதற்கு மூலம் 1989-ல் வந்த நாசா ஆய்வு. அது மூடிய சிறு பெட்டிக்குள் செய்த சோதனை. உண்மையான அறைகளுக்கு அந்தக் கணக்கைப் பொருத்திப் பார்த்தவர்கள் 2019-ல் சொன்ன முடிவு, ஜன்னல் வழி வரும் காற்றுக்கு ஈடு கொடுக்க ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும் என்பது. செடி வையுங்கள், கண்ணுக்கு இதம். அதைக் காட்டி ஜன்னலை மூடாதீர்கள்.

குளிர்

ரிமோட் யார் கையில் இருக்கிறது என்பது பல அலுவலகங்களில் அரசியல். பெரும்பாலும் சட்டையை இன் செய்து பெல்ட் போட்ட ஆணின் கையில் இருக்கும். வெளியே 38 டிகிரி வெயிலில் வந்த பெண்கள் உள்ளே சால்வை போர்த்தி உட்கார்ந்திருப்பதை பழைய மகாபலிபுரம் சாலையின் எந்த ஐ.டி. கட்டடத்திலும் பார்க்கலாம்.

இதற்கு உடல்சார்ந்த காரணம் உண்டு. கட்டடங்களின் குளிர் அளவைக் கணக்கிடும் முறை 1960-களில் உருவானது. அதில் 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடல் வெளியிடும் வெப்பம்தான் அளவுகோல். உட்கார்ந்து வேலை செய்யும் பெண்களின் உடல் அவ்வளவு வெப்பம் வெளியிடுவதில்லை என்று நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் காட்டினார்கள். குளிருகிறது என்று சொல்லும் பெண்ணிடம் 'உங்களுக்கு மட்டும்தான்' என்று சொல்லாதீர்கள்.

நம் உடல் நம் வெயிலுக்குப் பழகியது. சென்னை உட்பட ஐந்து இந்திய நகரங்களின் அலுவலகங்களில் மக்களைக் கேட்டே, அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் இந்தியர்களுக்கான வெப்ப வசதிக் கணக்கு ஒன்றை உருவாக்கியது. அயல்நாட்டு அளவுகோல் சொல்வதைவிடக் கூடுதல் வெப்பத்திலும் நாம் சௌகரியமாக இருக்கிறோம் என்பது அதில் தெரிந்தது. 2020 ஜனவரி முதல் நாட்டில் விற்கும் அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6% மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்திச் சிக்கனப் பணியகத்தின் கணக்கு. என் ஆலோசனை: ஏசியை 25 அல்லது 26-ல் வையுங்கள், கூடவே மின்விசிறி ஓடட்டும். அந்த விசிறிக்குத் தனித்தனி ரெகுலேட்டர் போடுங்கள். வியர்க்கிறவர் கூட்டிக்கொள்வார், குளிர்கிறவர் குறைத்துக்கொள்வார். முன்னே சொன்ன பொத்தான் அதுதான். ஃபால்ஸ் சீலிங் போடும்போது மின்விசிறிகளைக் கழற்றி எறிந்துவிடுவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. அதைச் செய்யாதீர்கள்.

வெளிச்சத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மேசை மேல் 300 முதல் 500 லக்ஸ் வேண்டும். கைப்பேசிச் செயலியில் தோராயமாக அளக்கலாம். ஜன்னல், கணினித் திரைக்கு முன்னாலும் இருக்கக்கூடாது, பின்னாலும் இருக்கக்கூடாது, பக்கவாட்டில் இருக்க வேண்டும். மேற்குச் சுவரை முழுக் கண்ணாடியாக்கும் யோசனையை யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். பிற்பகல் முழுதும் திரைச்சீலையை இழுத்துவிட்டு, பகலிலேயே விளக்கெரிக்க நேரும். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் தெரிந்தால் அந்தப் பக்கத்தை முதலாளி அறைக்கு எடுத்துக்கொள்ளாமல் எல்லோரும் இருக்கும் கூடத்துக்கு விடுங்கள். ரோஜர் உல்ரிச் 1984-ல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்தவர்களில் ஜன்னல் வழி மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகக் கேட்டார்கள். அது மருத்துவமனை, அலுவலகம் அல்ல. ஆனாலும் ஒரு ஜன்னல் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

காதும் கண்ணும்

சுவர்களை எடுத்துவிட்டால் எல்லோரும் கலந்து பேசுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் திறந்த கூடங்கள் கட்டப்படுகின்றன. அதோடு, சுவர் இல்லாவிட்டால் செலவும் குறைவு, அதே இடத்தில் ஆளும் கூடுதலாக உட்காரலாம். இரண்டாவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

2018-ல் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஈதன் பெர்ன்ஸ்டீனும் ஸ்டீபன் டர்பனும் இரண்டு பெரிய அமெரிக்க நிறுவனங்களில் இதை அளந்து பார்த்தார்கள். ஊழியர்கள் கழுத்தில் கருவி மாட்டி, யார் யாரோடு எவ்வளவு நேரம் நேரில் பேசுகிறார்கள் என்று திறந்த கூடத்துக்கு மாறுமுன்னும் மாறிய பின்னும் பதிவு செய்தார்கள். நேரில் பேசுவது சுமார் 70% குறைந்திருந்தது. பக்கத்தில் இருப்பவருக்கே மின்னஞ்சல் அனுப்பினார்கள். எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் யார் மனம்விட்டுப் பேசுவார்கள்? அதற்கு முன்பே, 2013-ல், சிட்னி பல்கலைக்கழகத்தின் கிம், டி டியர் இருவரும் 303 கட்டடங்களில் 42,000-க்கும் மேற்பட்டோர் அளித்த பதில்களை ஆராய்ந்து, திறந்த கூடத்தால் பேசுவதற்குக் கிடைக்கும் வசதி, சத்தத்தாலும் தனிமை இழப்பாலும் வரும் தொல்லையை ஈடுகட்டவில்லை என்று முடிவு கண்டார்கள்.

சத்தத்தில் மோசமானது பெரிய சத்தம் அல்ல, புரியும் பேச்சுதான். ஜெனரேட்டர் ஓசைக்குக் காது பழகிவிடும். பக்கத்து மேசைக்காரர் போனில் மச்சானிடம் நிலத்தகராறு பேசினால், வேண்டாம் என்றாலும் மனம் அதன் பின்னாலேயே போகும். நம் அலுவலகங்களில் தரை வழுவழு டைல்ஸ், சுவர் கண்ணாடி, கூரை ஜிப்சம். மூன்றும் சத்தத்தைத் திருப்பி அடிப்பவை. அதனால் கிடைக்கும் இடத்திலெல்லாம் மெத்தென்ற பொருளைக் கொண்டுவாருங்கள். கனமான துணித் திரை, துணி போர்த்திய அறிவிப்புப் பலகை, புத்தகமும் கோப்பும் நிறைந்த அலமாரி, சத்தம் உறிஞ்சும் கூரை ஓடு, இவை எல்லாமே உதவும். நாளெல்லாம் போன் பேசும் வேலை உள்ளவர்களை ஒரு கோடியிலும், எண்ணும் எழுத்தும் பார்க்கும் கணக்குக்காரர்களை மறுகோடியிலும் வையுங்கள். பத்துப் பேருக்கு ஒரு சின்ன அறையாவது கதவோடு இருக்கட்டும். போன் பேச, அழ, சண்டையைத் தீர்த்துக்கொள்ள, தலைவலி வந்தால் கால் மணி நேரம் கண்மூடி இருக்க. அந்த அறைக்குப் பூட்டு உள்பக்கம் இருக்க வேண்டும், கேமரா இருக்கக்கூடாது.

கேமராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாசலுக்கும் பணப்பெட்டிக்கும் கேமரா தேவை. ஒவ்வொருவர் தலைக்கு மேலும் தேவையில்லை. அதே பெர்ன்ஸ்டீன் 2012-ல் தென் சீனாவின் ஒரு பெரிய கைப்பேசித் தொழிற்சாலையில் செய்த ஆய்வு இதற்குப் பொருந்தும். மேலாளர்கள் பார்வையிலேயே இருந்த சில உற்பத்தி வரிசைகளைச் சுற்றித் திரை மறைத்தார்கள். திரைக்குள் உற்பத்தி 10 முதல் 15% கூடியது. பார்த்துக்கொண்டே இருந்தபோது, தொழிலாளர்கள் தாங்களே கண்டுபிடித்த சுலபமான வழிகளை ஒளித்துக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடியே செய்வதாகக் காட்டியிருக்கிறார்கள். கண்காணிப்பு அதிகமாகும் இடத்தில் வேலை செய்வதுபோல் இருப்பதே ஒரு தனி வேலையாகிவிடும். கண்ணாடி ஒட்டிய அந்தப் பெண்ணும் நாள் முழுதும் இரண்டு வேலை செய்துகொண்டிருந்தார்.

அவர் மேசையைத் திருப்பிப் போட இரண்டு ஆட்களுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பிளக் பாயிண்டை நீட்ட ஒரு எலக்ட்ரீஷியன் வந்தார். அவ்வளவுதான் செலவு.

பேச்சு நடக்க வேண்டும் என்று விரும்பினால் சுவரை இடிப்பதைவிட டீ எங்கே கிடைக்கிறது என்று பாருங்கள். எம்.ஐ.டி.யின் தாமஸ் ஆலன் 1970-களில் பொறியாளர்களை ஆராய்ந்து சொன்னது, மேசைகளுக்கு இடையே தூரம் கூடக் கூடப் பேச்சு வேகமாகக் குறைகிறது, 50 மீட்டரைத் தாண்டினால் அநேகமாக இல்லை. மாடி மாறினால் வேற்றூர் மாதிரிதான். டீயை ஒவ்வொரு மேசைக்கும் கொண்டுவந்து வைக்கும் வழக்கத்தை விட்டு, இரண்டு பிரிவுக்கும் நடுவில் ஒரு திட்டு அமைத்து அங்கே ஃபிளாஸ்க்கை வையுங்கள். நான்கு பேர் நின்று குடிக்க இடம் போதும்.

உட்கார ஓர் இடம்

உட்காருவது உரிமை என்பதைச் சட்டம் எழுதிச் சொல்ல வேண்டியிருந்தது. தியாகராய நகர் துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் காலை முதல் இரவு வரை நின்றே வேலை செய்த பெண்களின் கால்நரம்புகள் சுருண்டு வீங்கியதை இந்த ஊர் நெடுங்காலம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. கேரளத்தில் கடை ஊழியப் பெண்கள் போராடி 2018-ல் சட்டத் திருத்தம் பெற்றார்கள். 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில், எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும் என்ற பிரிவு சேர்ந்தது. உங்களிடம் கடையோ ஷோரூமோ இருந்தால், முக்காலியை மூலையில் ஒளித்து வைத்துச் சட்டத்தை நிறைவேற்றாதீர்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார்ந்ததற்காக யாரையும் முறைக்காமல் இருப்பதுதான் அந்த இருக்கைக்கு உயிர்.

அலுவலகத்தில் நாற்காலிக்குச் செலவு செய்யுங்கள், மேசையில் மிச்சம் பிடியுங்கள். நாற்காலியின் உயரம் ஏறி இறங்க வேண்டும், அடிமுதுகைத் தாங்க வேண்டும், பாதம் முழுதும் தரையில் பதிய வேண்டும். உயரம் குறைந்தவர்களுக்குக் காலடியில் ஒரு மணைப்பலகை செய்துகொடுங்கள், தச்சர் ஒரே நாளில் பத்து செய்துவிடுவார். திரை ஒரு கை தூரத்தில், மேல் விளிம்பு கண்மட்டத்தில். மடிக்கணினி என்றால் அதைத் தாங்கியில் உயர்த்தி, தனி விசைப்பலகை கொடுங்கள். வாங்குமுன் கடையிலிருந்து இரண்டு மூன்று மாதிரிகளைக் கேட்டு வாங்கி, ஊழியர்களில் மிக உயரமானவரையும் மிகக் குள்ளமானவரையும் ஒரு நாள் முழுதும் உட்கார வைத்துப் பாருங்கள்.

கழிப்பறையைப் பற்றி எந்த வடிவமைப்புப் புத்தகமும் இங்கே உள்ளபடி பேசுவதில்லை. கழிப்பறைக்குப் போக ஆண்கள் கூட்டத்தைக் கடக்க வேண்டியிருந்தாலோ, தாழ்ப்பாள் சரியில்லாவிட்டாலோ, கீழ்த்தளத்தில் போய்ச் சாவி வாங்க வேண்டியிருந்தாலோ, பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். சிறுநீர்த் தொற்று அதன் பின்னாலேயே வரும். யாரும் உங்களிடம் வந்து புகார் சொல்ல மாட்டார்கள். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, உள்ளே மூடியிட்ட குப்பைத் தொட்டி, பை மாட்ட ஒரு கொக்கி, எப்போதும் தண்ணீர். கிரானைட்டுக்கு முன் இது.

சாப்பாட்டுக்கும் ஒரு மேசை வேண்டும். கீபோர்டைத் தள்ளிவைத்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறக்கும் நிலையில் யாரும் இருக்கக்கூடாது. கை கழுவும் தொட்டி பக்கத்தில் இருக்கட்டும். நம் சாப்பாடு கையால் சாப்பிடுவது, பகிர்ந்து சாப்பிடுவது. ஒருவர் வீட்டு வத்தக்குழம்பு இன்னொருவர் தட்டுக்குப் போகும் அந்த இருபது நிமிடத்தில் அலுவலகத்தின் பாதிப் பிணக்குகள் தீர்ந்துபோவதை நான் கண்டிருக்கிறேன்.

கேட்கும் முறை

இனி செய்முறை. கூட்டம் போட்டுக் கேட்காதீர்கள். முதலாளி முன்னால் புதிதாகச் சேர்ந்த பிள்ளை வாய் திறக்காது, மூத்தவர் சொன்னதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆளுக்கொரு தாள் கொடுங்கள், பெயர் வேண்டாம். மூன்றே கேள்வி போதும். உங்கள் இடத்தில் உங்களை அதிகம் தொல்லைப்படுத்துவது எது? இருப்பதில் எதை மாற்றாமல் விட வேண்டும்? உங்கள் வேலையில் அமைதி வேண்டிய நேரம் எது, பேச்சு வேண்டிய நேரம் எது? துப்புரவு செய்பவருக்கும் காவலாளிக்கும் கொடுங்கள். எழுத வராதவரிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். கட்டடத்தின் ஒவ்வொரு மூலையும் அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பிறகு வரைபடத்தை நம்பாமல் தரையை நம்புங்கள். காலியாக இருக்கும் கூடத்தில் சுண்ணக்கட்டியால் மேசைகளை உண்மையான அளவில் வரையுங்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, உட்காரப் போகிறவர்களையே ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். நாற்காலியைப் பின்னால் தள்ளினால் யார் மேல் இடிக்கிறது, வெயில் எங்கே விழுகிறது, வாசல் யார் முதுகில் என்பதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். கோட்டை அழித்து மாற்றிப் போட ஒரு ரூபாய்கூட ஆகாது. பிளைவுட் அடித்த பிறகு மாற்றினால் ஆகும் செலவை எண்ணிப் பாருங்கள்.

அவர்கள் கேட்டதில் முடியாதது இருக்கும். முடியாது என்றால் ஏன் என்று சொல்லிவிடுங்கள். எல்லோருக்கும் ஜன்னலோரம் கிடையாது என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். பதிலே சொல்லாமல் விடுவதைத்தான் அவர்களால் பொறுக்க முடியாது. குடியேறி ஆறு வாரம் கழித்து அதே தாளை மறுபடி கொடுங்கள். அதற்கென்று மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருங்கள். முதல் தடவையிலேயே சரியாக அமைந்த அலுவலகம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

இதற்கெல்லாம் சேர்த்து ஒரு வாரம் ஆகும். கான்ட்ராக்டருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் தேதியை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். அந்தத் தாளை நாளைக் காலையே கொடுத்துவிடுங்கள்.